கண்மாய்க் கரையில் பறவை பார்க்கவும் படமெடுக்கவும்: ஒரு காலைக்கான முழுமையான வழிகாட்டி

கண்மாய்க்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வேலை பார்க்கிறார்கள். வண்டியைக் கரைமேல் ஏற்றுவார்கள், இறங்கிக் கதவை அடித்துச் சாத்துவார்கள், கேமராவை எடுப்பார்கள், பறவையை நோக்கி நேராக நடப்பார்கள். ஏழு மணிக்குள் எல்லாப் பறவையும் எதிர்க்கரைக்குப் போய்விடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் நானூறு படம் இருக்கும், எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளிகள்.

கேமராவிலும் லென்ஸிலும் குறை இருப்பது குறைவு. வேலையின் வரிசைதான் தவறு. முதலில் வெளிச்சம், பிறகு உட்காரும் இடம், பிறகு கண், கடைசியில்தான் கேமரா. மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலைகளை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. இராமநாதபுரம் கடற்கரைக்குப் போவதாக இருந்தால் என்னென்ன மாறும் என்பது கடைசிப் பகுதியில் இருக்கிறது.

1. கரை எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள்

மதுரைச் சீமையின் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகவும் தென்கிழக்காகவும் சரிகிறது. வைகை ஓடுவதும் அப்படித்தான். அதனால் தண்ணீரைத் தடுக்கும் கரை, பெரும்பாலான கண்மாய்களில் கிழக்கிலோ தென்கிழக்கிலோ பிறை வடிவில் இருக்கும். தண்ணீர் அதற்கு மேற்கே நிற்கும். காலையில் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம். பறவையின் மேல் நேர் வெளிச்சம். காசு கொடுத்தாலும் கிடைக்காத வசதி இது, நம்மூரில் சும்மா கிடைக்கிறது.

எல்லாக் கண்மாயும் அப்படி இல்லை. செயற்கைக்கோள் வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். கூர்மையான வளைகோடாகத் தெரிவது கரை, அதற்கு வெளியே கட்டம் கட்டமாக வயல் இருக்கும். எதிர்ப்பக்கம் எல்லை தெளிவில்லாமல் கருவேல மரங்களோடு மங்கலாகத் தெரிவது உள்வாய். கரை மேற்கில் இருந்தால் அந்தக் கண்மாயை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சூரியனை எதிரே வைத்துக்கொண்டு காலை முழுவதும் நிழலுருவங்களையே எடுப்பதுதான் புதியவர்களின் முதல் ஏமாற்றம்.

வரைபடத்தில் தெரியும் தண்ணீரை மட்டும் நம்பாதீர்கள். அந்தப் படம் போன வருடத்ததாக இருக்கலாம். ஊர்க்காரர் யாரிடமாவது கேட்பதுதான் நம்பகமான வழி.

2. நிரம்பிய கண்மாயைத் தேடாதீர்கள்

மறுகால் போகிற கண்மாய் கண்ணுக்கு அழகு, பறவைக்கு அவ்வளவு வசதி இல்லை. தண்ணீர் ஆழமாக இருக்கும்போது நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், வாத்து ஆகியவைதான் இருக்கும். அவையும் நடுத் தண்ணீரில் இருக்கும். கால் ஊன்றி மேயும் பறவைகளுக்கு இடமே இருக்காது.

தண்ணீர் பாதியாகக் குறைந்து, உள்வாயில் சேறு வெளியே தெரியும்போதுதான் நெடுங்கால் உள்ளான், பொரி உள்ளான், அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் இறங்கும். ஆழம் குறையக் குறைய மீன் ஒடுங்குவதால் கூழைக்கடாவும் வரும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடத்தில் இது பெரும்பாலும் ஜனவரி பிற்பாதி முதல் மார்ச் வரை. மழை குறைந்த வருடத்தில் டிசம்பரிலேயே நடந்துவிடும். ஆகவே தேதியை விட்டுவிட்டுத் தண்ணீர் மட்டத்தைக் கவனியுங்கள்.

இன்னொன்றையும் விசாரியுங்கள்: மீன்பாசி குத்தகை யாரிடம் இருக்கிறது, வலை எப்போது போடுகிறார்கள். வலை இழுக்கிற நாளில் போனால் பறவை கலைந்து கிடக்கும். மறுநாள் போனால் ஓரத்தில் சிதறிய குஞ்சு மீனுக்காகக் கொக்குக் கூட்டம் இருக்கும்.

எங்கே தொடங்குவது? நகருக்குத் தென்கிழக்கே சாமநத்தம் கண்மாய் பறவைக்குப் பேர்போனது. நிலையூர், மாடக்குளம், திருப்பரங்குன்றம் தென்கால் கண்மாய்களும் எளிதில் போகக்கூடியவை. கேமராவைக் கையாளப் பழகுவதற்கு மட்டும் என்றால் நகருக்குள்ளேயே வண்டியூர் கண்மாய் போதும். நடைப்பயிற்சிக்கு வரும் ஆட்களைப் பார்த்துப் பழகிய பறவைகள் சற்று நெருங்க விடும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயம் கூடு கட்டும் இடம். அங்கே பார்க்கும் முறையே வேறு, முதல் காலைக்கு அது வேண்டாம்.

3. எடுத்துப் போக வேண்டியவை

முதலில் பைனாகுலர். கையில் காசு அளவாக இருந்தால் கேமராவைத் தள்ளிப்போட்டுவிட்டு இதை வாங்குங்கள். 8×42 போதும். எட்டு என்பது பெரிதாக்கும் மடங்கு, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். விடியற்காலை மங்கலில் அந்த 42 வெளிச்சத்தைக் கூட்டித் தரும். கடைக்காரர் 20 மடங்கு, 30 மடங்கு என்று காட்டுவதை வாங்கிவிடாதீர்கள். கை ஆடுவதும் அதே மடங்கில் பெரிதாகும், பார்வைப் பரப்பும் சுருங்கிவிடும், பறக்கும் பறவையைக் கண்ணாடிக்குள் பிடிக்கவே முடியாது.

கேமராவுக்கு 300 மி.மீ. லென்ஸ் குறைந்தபட்சம். 400 முதல் 600 மி.மீ. இருந்தால் கண்மாய்க்குச் சரி. லென்ஸைக் கழற்ற முடியாத, அதிக ஜூம் உள்ள கேமராவும் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நன்றாகவே வேலை செய்யும், பறப்பதற்குத்தான் திணறும்.

பழைய பேன்ட்டின் காலை வெட்டி ஒரு பக்கம் தைத்து, ஒன்றரைக் கிலோ அரிசியோ பயறோ போட்டு மறுபக்கத்தையும் தைத்துக்கொள்ளுங்கள். மடைச் சுவர் மேலோ கரைக்கல் மேலோ அதை வைத்து லென்ஸை அதில் அழுத்தினால் அசையாது. கண்மாய்க் கரையில் ட்ரைபாடைவிட இது நல்லது. தாழ்வாக உட்கார முடியும், மூன்று காலை விரித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

உடை மண் நிறத்திலோ மங்கிய பச்சையிலோ இருக்கட்டும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பளிச்சென்ற தொப்பி ஆகாது. செருப்பு வேண்டாம், தடித்த அடியுள்ள ஷூ போடுங்கள். சீமைக்கருவேல் முள் மெல்லிய ரப்பரை ஊடுருவிவிடும், இருசக்கர வண்டியின் டயரையும் சேர்த்து. தண்ணீர், துண்டு, சிறு நோட்டு, பென்சில். மார்கழிப் பனியில் பேனா மக்கர் பண்ணும்.

4. முந்தின இரவே முடிக்க வேண்டியவை

பேட்டரி சார்ஜ், மெமரி கார்டு காலி, இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. பலர் செய்யாமல் விடுவது பைனாகுலரைத் தம் கண்ணுக்குப் பொருத்துவதுதான். செய்முறை இது:

மூக்குக் கண்ணாடி போடுபவர் பைனாகுலரில் கண் வைக்கும் ரப்பர் வளையங்களை உள்ளே தள்ளிவிடுங்கள், போடாதவர் வெளியே இழுங்கள். இரண்டு குழலையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும் அளவில் நிறுத்துங்கள். தூரத்தில் எழுத்துள்ள ஏதாவதொன்றைப் பாருங்கள். வலது குழலைக் கையால் மூடி, இடது கண்ணால் பார்த்தபடி நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடது குழலை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கம் இருக்கும் சிறு வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இனி அதைத் தொட வேண்டாம். இதைச் செய்யாமல் பார்த்தால் அரை மணியில் தலைவலி வரும். பழி பைனாகுலர் மேல் விழும்.

கேமராவில் ‘ரா’ கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்), தொடர் ஃபோகஸ், தொடர் ஷாட் மூன்றையும் வைத்துவிடுங்கள். பீப் ஒலியை அணையுங்கள். இருட்டில் ஃபோகஸுக்கு உதவும் சிறு விளக்கையும் அணையுங்கள். இந்த இரண்டும் விடியலில் பறவையை விரட்டும்.

காரில் ஏ.சி. போட்டுப் போவதாக இருந்தால் கேமராப் பையைக் காற்று நேராகப் படாத இடத்தில் வைத்து, கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு ஏ.சி.யை நிறுத்துங்கள். குளிர்ந்த லென்ஸைக் கண்மாயின் ஈரக் காற்றில் சட்டென்று வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்த்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி வியர்க்கும். நல்ல வெளிச்சம் அதிலேயே போய்விடும்.

5. சூரியன் எழும் முன் கரையில் இருங்கள்

மதுரையில் நவம்பர் முதல் வாரத்தில் சூரியன் எழுவது சுமார் 6.10 மணிக்கு. ஜனவரி நடுவில் அது 6.40ஐ ஒட்டிப் போய்விடும். அதற்கு அரை மணி முன் நீங்கள் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கரைக்கு வந்து சேர வேண்டும் என்று சொல்லவில்லை, உட்கார்ந்திருக்க வேண்டும்.

காரணம், கண்மாயில் ஆள் மாறும் நேரம் அது. இரவெல்லாம் வயலில் மேய்ந்த வாத்துகள் தண்ணீருக்குத் திரும்பும். இரவில் இரை தேடிய வக்கா மரத்துக்கு வரும். மரத்தில் அடைந்திருந்த கொக்கும் நீர்க்காகமும் கிளம்பும். நீங்கள் முதலிலேயே அசையாமல் இருந்தால், பறவை இறங்கும்போதே உங்களைக் கரையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளும். பறவை இறங்கியபின் நீங்கள் வந்தால், நீங்கள் வெளியாள்.

வண்டியைக் கரை தொடங்கும் இடத்திலேயே விட்டுவிட்டு நடங்கள். கதவை மெதுவாக அழுத்திச் சாத்துங்கள். நடக்கும்போது டார்ச்சைத் தரையை நோக்கிப் பிடியுங்கள். பாம்புக்கும் முள்ளுக்கும் மட்டுமல்ல, கரையின் சில பகுதிகளை ஊர் வேறு காரியத்துக்கும் பயன்படுத்துகிறது.

எதிரே யாராவது வந்தால் நீங்களே முந்திக்கொண்டு பேசுங்கள். பெரிய லென்ஸும் நோட்டுமாக நிற்பவரைப் பார்த்தால், ‘என்ன தம்பி, சர்வேக்கு வந்திருக்கீங்களா?’ என்றுதான் கேட்பார்கள். கண்மாயை அளக்க வந்திருக்கிறார்கள் என்ற நினைப்பில் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். ‘இல்லய்யா, பறவை பாக்க வந்தோம்’ என்று சொல்லி, பைனாகுலரைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவரே மடை எங்கே, ஆழம் எங்கே, எந்த மரத்தில் எது அடையும் என்று சொல்லிவிடுவார்.

படித்துறைப் பக்கம் குளிக்க, துணி துவைக்க ஆட்கள் வருவார்கள். அந்தத் திசையில் கேமராவைத் தூக்கவே கூடாது. அங்கே என்ன அபூர்வப் பறவை இருந்தாலும் சரி.

6. உட்காரும் இடம்

ஒரு காலையில் கிடைக்கும் படங்களின் தரம் பாதிக்கு மேல் இங்கேதான் தீர்மானமாகிறது.

கரை உச்சியில் நிற்காதீர்கள். பின்னால் கிழக்கு வானம் வெளுத்திருக்கும்போது, உச்சியில் நிற்கும் ஆள் தண்ணீரில் இருக்கும் பறவைக்குக் கறுத்த உருவமாகத் தெரிவார். கையைத் தூக்கினாலே வாத்து நகரும். தண்ணீர்ப் பக்கச் சரிவில் உச்சிக்குக் கீழே நாலைந்து அடி இறங்கி, கரையோ புதரோ உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருங்கள். வெளிச்சம் அப்போதும் முதுகிலிருந்துதான் வரும், உங்கள் உருவம் மட்டும் மண்ணோடு கலந்துவிடும்.

தாழ்வாக உட்காருவதில் இன்னொரு லாபம் உண்டு. மேலிருந்து எடுத்தால் பறவையின் முதுகும் அதன் பின்னால் பாசித் தண்ணீரும்தான் படத்தில் வரும். பறவையின் கண்மட்டத்துக்கு லென்ஸ் இறங்கினால் பின்னணி தூரத்துக் கருவேல மரங்களுக்குப் போய் மங்கிவிடும், பறவை தனித்து நிற்கும். சரிவில் குப்புறப் படுக்க முடிந்தால் இன்னும் நல்லது. சட்டை அழுக்காகும், அவ்வளவுதான்.

இடத்தைத் தேர்வதற்கு மூன்று அடையாளம். ஒன்று, மடையின் பக்கம்: கசியும் தண்ணீரில் சிறு மீன் சேரும், மீன்கொத்தியும் மடையானும் அங்கே நிலையாக இருக்கும். இரண்டு, தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரம் அல்லது நட்ட கழி: நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகு உலர்த்த அங்கேதான் வரும். பாம்புத்தாரா ஒரே கழிக்குத் திரும்பத் திரும்ப வருவதால் காத்திருப்பது வீண்போகாது. மூன்று, தாமரையோ ஆம்பலோ படர்ந்த மூலை: இலைக்கோழி, தாழைக்கோழி இரண்டும் இலை விளிம்பைப் பிடித்துக்கொண்டே நடக்கும், உங்கள் பக்கம் வரும்.

தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள். சவுடும் கரம்பையும் எடுத்த குழிகள் தண்ணீருக்கடியில் இருக்கும், மேலே பார்த்தால் முழங்கால் ஆழம்போலத் தெரியும். ஓரச் சேறு வெயிலில் காய்ந்து மேலே மட்டும் ஓடு போட்டிருக்கும், கால் வைத்தால் தொடைவரை இறங்கும்.

7. முதல் அரை மணி கேமரா பையிலேயே இருக்கட்டும்

வெளிச்சம் போதாத நேரத்தில் எடுக்கும் படம் எப்படியும் இரைச்சலாகத்தான் (புள்ளி புள்ளியாக) இருக்கும். அந்த நேரத்தைக் கண்ணுக்குக் கொடுங்கள். இடது கோடியிலிருந்து வலது கோடிவரை பைனாகுலரை மெதுவாக நகர்த்தி, எந்த மூலையில் எந்தக் கூட்டம், எவ்வளவு என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வழியாகப் பறந்து வருகின்றன, எங்கே இறங்குகின்றன என்பதையும் பாருங்கள். ஒரு கொக்கு இறங்கிய பாதையிலேயே அடுத்த கொக்கும் வரும். எட்டு மணிக்கு எங்கே லென்ஸைத் திருப்பி வைத்துக் காத்திருக்க வேண்டும் என்று இந்த அரை மணிதான் சொல்லித் தரும்.

கூட்டத்தை எண்ணுவதற்கு: முதலில் பத்துப் பறவையை ஒன்று ஒன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவு இடம் கூட்டத்தில் எத்தனை முறை வருகிறது என்று கணக்கிடுங்கள். கூட்டம் நூறைத் தாண்டினால் ஐம்பது ஐம்பதாக. புதியவர்கள் நாமக்கோழிக் கூட்டத்தைக் கண்மதிப்பாகச் சொல்லும்போது பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள்.

8. கேமராவை எப்படி வைப்பது

மேனுவல் முறையில் ஷட்டரையும் (வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்) அபர்ச்சரையும் (லென்ஸ் திறக்கும் அளவு) நீங்கள் வைத்து, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறன்) மட்டும் ஆட்டோவில் விடுங்கள். உச்சவரம்பு 3200, புதிய கேமரா என்றால் 6400. அபர்ச்சர் உங்கள் லென்ஸில் திறக்கக்கூடிய அளவு, பொதுவாக எஃப்/5.6 அல்லது எஃப்/6.3. மாற்ற வேண்டியது ஷட்டர் மட்டுமே.

நிற்கும் கொக்கு, நாரை: 1/500 நொடி. நடந்தபடி கொத்தும் உள்ளான்: 1/1000. பறக்கும் கூழைக்கடா, நாரை: 1/1600. ஆலா, மீன்கொத்தி, தகைவிலான்: 1/2500க்கு மேல். படம் மங்கலாக இருந்தால் புதியவர்கள் லென்ஸைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் ஷட்டர் வேகம் குறைவாக இருந்திருக்கும். இரைச்சலைக் கணினியில் ஓரளவு துடைக்கலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது வெள்ளைப் பறவை. கேமரா தான் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுத்த தண்ணீருக்கு நடுவே சின்னதாக ஒரு கொக்கு நின்றால், தண்ணீரைப் பார்த்துவிட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கின் இறகு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்து, ஒரு கோடுகூட மிஞ்சாது. வெளிச்சத் திருத்தத்தை –0.7 முதல் –1 வரை இறக்குங்கள். அதே கொக்கு படச்சட்டம் முழுவதையும் நிறைத்தால் நேர் எதிர்: +0.7 ஏற்ற வேண்டும். வெளுத்த வானத்தில் பறக்கும் நீர்க்காகத்துக்கு +1. திருத்திய கையோடு மறுபடி பூச்சியத்துக்குக் கொண்டுவரும் பழக்கம் வேண்டும், மறந்தால் அடுத்த பறவை பாழ்.

பறவைக் கண்ணைத் தானே பிடிக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நடுப் புள்ளி ஒன்றை மட்டும் வைத்து, அதைப் பறவையின் கண்மேல் நிறுத்துங்கள். ஃபோகஸ் பகுதியை அகலமாக விட்டால் முன்னால் நிற்கும் கோரையைப் பிடித்துக்கொள்ளும்.

எந்தப் பறவையானாலும் முதல் படம் அடையாளத்துக்கு. தூரமோ, கோணலோ, எடுத்துவிடுங்கள். அழகான படத்துக்குக் காத்திருந்து, அது பறந்துபோனபின் என்ன பறவை என்றே தெரியாமல் நிற்பதைத் தவிர்க்கலாம்.

9. நெருங்குவது

உட்கார்ந்தே இருந்தால் பெரும்பாலும் பறவை உங்களிடம் வரும். வராவிட்டால்தான் இந்தப் பகுதி.

நேராக நடக்காதீர்கள். வேட்டையாடும் விலங்குதான் நேராக வரும். பறவையைப் பார்க்காததுபோலச் சாய்வாக, அதைக் கடந்து போகிறவர் மாதிரி நடங்கள். பத்து அடி நடந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். பறவை தலையைத் தூக்கிக் கழுத்தை நீட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். அது மறுபடி மேயத் தொடங்கினால்தான் அடுத்த அடி. மேய்ச்சலை விட்டு ஒரே பக்கம் எல்லாம் நகரத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள், இரண்டு எட்டு பின்னால் வாருங்கள்.

கண்மாயின் காவல்காரன் ஆள்காட்டி. அது கத்தத் தொடங்கினால் கண்மாய் முழுவதும் உஷாராகும். கத்தும்போது நடந்துகொண்டே இருந்தால் எல்லாம் எழும்பிவிடும். உட்கார்ந்துவிடுங்கள், அது அடங்க ஐந்து பத்து நிமிடம் ஆகும். மார்ச்சுக்குப் பிறகு அது உங்கள் தலைக்கு மேலேயே வட்டமிட்டுக் கத்தினால் பக்கத்தில் வெறுந்தரையில் முட்டை இருக்கிறது என்று பொருள். முட்டை கூழாங்கல் நிறம், கண்ணுக்குத் தெரியாது. வந்த வழியே திரும்புங்கள்.

கூட்டைப் படமெடுக்கப் போகாதீர்கள். ஆளைக் கண்டு தாய்ப்பறவை எழுந்த சில நிமிடங்களில் காகம் முட்டையைக் கொத்திவிடும். திறந்த கூட்டில் உச்சிவெயில் படும் குஞ்சும் தாங்காது. கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு அழைப்பதும் வேண்டாம். கல் எறிந்து பறக்கவைத்துப் படமெடுப்பவர்களோடு சேர்ந்து போகாதீர்கள். டிரோன் நினைப்பே வேண்டாம். பறவை பருந்து என்று நினைத்துக் கலையும். தவிர அவனியாபுரம், சாமநத்தம் பக்கமெல்லாம் விமான நிலையத்துக்கு அருகில் இருக்கின்றன.

10. குழப்பும் பறவைகள்

நிறத்தை வைத்து இனம் காணத் தொடங்கினால் காலை வெளிச்சம் ஏமாற்றும். அளவு, அலகு, கால், நடத்தை என்ற வரிசையில் பாருங்கள். மதுரைக் கண்மாய்களில் புதியவர்கள் தடுமாறுவது சில இடங்களில்தான்.

வெள்ளைக் கொக்குகள். அலகு கறுப்பு, கால் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. சேற்றில் நிற்கும்போது விரல் தெரியாது, பறக்கும்போது பாருங்கள். அலகு மஞ்சளாகவும் பறவை பெரிதாகவும் இருந்தால் வாய்க்கோட்டைக் கவனியுங்கள்: கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழேயே நின்றால் நடுத்தரக் கொக்கு. கட்டையான மஞ்சள் அலகு, தாடை உப்பியது, மாட்டோடு திரிவது உண்ணிக்கொக்கு.

நீர்க்காகமும் பாம்புத்தாராவும். நீர்க்காகத்தின் அலகு நுனி வளைந்திருக்கும். பாம்புத்தாராவின் அலகு ஊசிபோல் நேர். நீந்தும்போது உடல் மூழ்கி, கழுத்து மட்டும் வெளியே தெரிந்தால் பெரும்பாலும் பாம்புத்தாரா.

உள்ளான்கள்தான் பாடு. வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டு, தோளுக்கு முன்னால் வெள்ளை மேலேறியிருந்தால் சாதா உள்ளான். முதுகில் பொரிபொரியாகப் புள்ளியும் கண்ணுக்கு மேல் நீண்ட வெளிர் புருவமும் இருந்தால் பொரி உள்ளான். மற்றவற்றை முதல் வருடத்தில் ‘உள்ளான்’ என்று மட்டும் எழுதுங்கள். தவறான பெயரைவிட அது மேல்.

11. ஒன்பது மணிக்கு நிறுத்துங்கள்

வெயில் ஏறியதும் சேற்றின் மேலும் தண்ணீரின் மேலும் காற்று நெளியும். தூரத்துப் பறவை பைனாகுலரில் நடுங்கும். எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. விலை உயர்ந்த லென்ஸ் அந்த நெளிவை இன்னும் தெளிவாகக் காட்டும், அவ்வளவே. அதற்குமேல் எடுக்கும் படங்களில் பக்கத்தில் வந்த பறவையைத் தவிர மற்றது தேறாது.

கரையிலேயே உட்கார்ந்து பட்டியலை முடித்துவிடுங்கள். பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் செயலியில் தொடங்கிய நேரம், நடந்த தூரம், ஒவ்வொரு இனத்தின் எண்ணிக்கை. பார்த்த எல்லா இனத்தையும் எழுதுங்கள், காகத்தையும் மைனாவையும் சேர்த்து. அரிய பறவையை மட்டும் எழுதும் பட்டியல் ஆய்வுக்கு உதவாது. பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு இதே முறையில்தான் பட்டியல் கேட்பார்கள்.

கூடு இருக்கும் மரத்தின் இருப்பிடத்தைப் பொதுவில் போடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் படங்களை இரண்டு இடத்தில் நகலெடுத்து, அதன்பின் கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

12. கடற்கரைக்கு என்றால் மாற வேண்டியவை

மதுரையிலிருந்து இராமேசுவரம் சுமார் 170 கிலோமீட்டர், அங்கிருந்து தனுஷ்கோடி இன்னும் இருபது. இரவே கிளம்பி விடியலில் சேரலாம் என்பது கணக்குக்குச் சரி, தூக்கக் கலக்கத்தில் பறவை தெரியாது. முந்தின நாளே போய்த் தங்குங்கள்.

அங்கே கரை உங்களுக்கு வெளிச்சத்தைத் தேடித் தராது, நீங்களே தேட வேண்டும். காற்றையும் சேர்த்துப் பாருங்கள். பறவை எழுவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான். குளிர்காலத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், சூரியன் தென்கிழக்கை ஒட்டி எழும். கழியின் (கடலோர ஆழமற்ற உப்புநீர்ப் பரப்பின்) கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் இரண்டும் முதுகில் இருக்கும், ஆலாவும் கடற்காகமும் உங்களை நோக்கியே இறங்கும்.

பாக் நீரிணைப் பக்கம் கடல்நீரின் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் தட்டையான கழியில் அரை அடி வற்றினாலே பெரிய பரப்பு வெளியே வரும், உள்ளான்கள் அதைத் தேடிப் பரவிவிடும். தண்ணீர் ஏறும் நேரத்தில் போனால் அவை ஓரத்துக்கு ஒதுங்கி உங்கள் பக்கம் வரும். ஏற்றவற்ற அட்டவணையை முந்தின நாளே பாருங்கள்.

பூநாரைகள் மேயும் தனுஷ்கோடிக் கழிப்பகுதி 2025இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. சாலையோரத்திலிருந்தே பாருங்கள், கழிக்குள் இறங்காதீர்கள். பூநாரை கூட்டமாக ஓடி எழும் பறவை. ஒன்று கலைந்தால் மொத்தக் கூட்டமும் மேய்ச்சலை விட்டுவிடும்.

மணலில் லென்ஸ் மாற்றக் கூடாது. பையைத் தரையில் வைக்காமல் தோளிலேயே வைத்திருங்கள். உப்புக் காற்று லென்ஸின் மேல் படலமாகப் படியும். அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுகுழாயால் மணலை ஊதித் தள்ளி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமரா உடலையும் லென்ஸ் குழலையும் துடைத்து, கடைசியில் கண்ணாடிக்கு மட்டும் லென்ஸ் துடைக்கும் துணி. ட்ரைபாட் எடுத்துப் போயிருந்தால் கால்களை முழுவதும் இழுத்து நல்ல தண்ணீரில் கழுவி, இரவு முழுவதும் விரித்தபடியே உலர விடுங்கள். மடக்கி வைத்தால் பூட்டுக்குள் இருக்கும் மணல் அடுத்த முறை காலை இழுக்க விடாது.